தங்கமீன் சாப்பிடவில்லை என்று வந்தவர்கள்

வளர்ப்பு மீன் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதியவர் வெறும் ‘மீன் கடை’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடையோடு வந்து வஞ்சிரம் கேட்டவர்கள் உண்டு. ஒருமுறை ஒருவர் கண்ணாடித் தொட்டியைக் காட்டி, “இந்த செவப்பு மீனு கொழம்புக்கு எப்பிடிம்மா, ஷோக்கா இருக்குமா?” என்று கேட்டார். கடைக்கார அக்கா சிரிக்கவில்லை.

“தெரியாது சார். நான் துன்னு பாத்ததில்ல” என்றார்.

அதுதான் அவர். தன் கண்ணில் படாத எதைப் பற்றியும் ஒரு சொல்கூட அவரிடமிருந்து வாங்க முடியாது. மற்றவர்கள் சொல்வதையும் அதே தராசில்தான் போடுவார். “நீ பாத்தியா, இல்ல சொன்னாங்களா?” என்பார். இந்தக் கேள்வியைத் தாண்டாமல் அந்தக் கடையில் யாரும் ஒரு பாக்கெட் மீன் தீனிகூட வாங்கிவிட முடியாது.

ஒரகடம் கூட்டுச்சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவே இருந்தது அந்தக் கடை. பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். சுவரோடு மூன்று அடுக்குத் தொட்டிகள், அவற்றுக்குக் கீழே விடாமல் முனகும் காற்று மோட்டார்கள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி. அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஈரம் காயாத கைகள், கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. பக்கத்து ஊர்க்காரர். வாரம் ஒருமுறை சென்னையில் கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய், காற்றடைத்த பாலித்தீன் பைகளில் மீன் வாங்கிக்கொண்டு, மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வருவார். மடியில் இருபது பைகள். ஆட்டோக்காரர் வேகத்தடையில் ஏற்றினால் மட்டும் வாய் திறப்பார்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்கு அந்தப் பகுதியின் செய்தியாளன். ஆலை திறப்பு, லாரி விபத்து, ஊதிய உயர்வு கேட்டு வாயிற்கூட்டம், இவைதான் என் அன்றாடம். ஒரகடத்தில் மாடி அறை. எனக்கு முன் அங்கே குடியிருந்தவர் காலி செய்தபோது ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியையும் அதில் ஒரே ஒரு தங்கமீனையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். மூன்றாவது வாரம் அது சாப்பிடுவதை நிறுத்தியது. அக்காவிடம் போனேன்.

“தங்கமீன் சாப்பிட மாட்டேங்குதுங்க.”

“நீ பாத்தியா?”

“பாத்தேனே, ரெண்டு நாளா.”

“இன்னா பாத்தே?”

“போட்ட தீனி அப்படியே மிதக்குது.”

“தீனி மிதக்கறதப் பாத்துகீறே. மீனு சாப்புடாததப் பாக்கல. தீனியப் போட்டுட்டு எங்க போனே?”

“வேலைக்கு.”

“எப்ப வந்தே?”

“சாயங்காலம்.”

“நடுவுல நடந்தது உனுக்கு எப்பிடித் தெரியும்? போ. அரமணி நேரம் குந்திப் பாத்துட்டு வந்து சொல்லு.”

என் செய்தி ஆசிரியர்கூட என்னை அப்படித் திருப்பி அனுப்பியதில்லை. போய் உட்கார்ந்து பார்த்தேன். மீன் மேலே வந்தது, உருண்டையை வாயில் வாங்கியது, இரண்டு நொடி யோசித்தது, துப்பிவிட்டது. மறுநாள் அதைச் சொன்னேன்.

“ஆங். இப்ப பேசு. தண்ணி எப்ப மாத்துனே?”

“மூணு நாள் முன்னாடி. முழுசா மாத்தினேன். நல்ல தண்ணிதான் அக்கா, கேன் தண்ணி.”

அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்து நான் பார்த்தேன். அந்தப் பகுதியில் போர்வெல் தண்ணீரை யாரும் வாயில் வைக்க முடியாது. எல்லா அறைகளுக்கும் இருபது லிட்டர் கேன்தான். நாம் குடிப்பதையே மீனுக்கும் கொடுப்பதுதானே மரியாதை என்று நான் நினைத்திருந்தேன்.

“மெஷினு எல்லாத்தியும் உருவிட்டு அனுப்பற தண்ணி அது. உனுக்கு சரி. அதுக்கு ஒன்னுமே இல்லாத தண்ணியில வாய் வைக்கத் தோணுமா? போர் தண்ணியப் புடிச்சி ஒரு நாள் வை. நாளைக்கி கால்வாசி, நாளானிக்கி கால்வாசி மாத்து. ஒரே அடியா மாத்தினே, அது உன் மூஞ்சியக்கூட பாக்காது.”

நான்காம் நாள் மீன் சாப்பிட்டது. பார்த்துவிட்டுத்தான் போய்ச் சொன்னேன். அன்று முதல் அவருக்கு நான் ‘பேப்பரு’.

திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் எட்டுப் பேர் ஓர் அறையில் இருந்தார்கள். எல்லோரும் கார் உதிரிபாக ஆலைகளில் வேலை. காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிஃப்டு. அதனால் எட்டுப் பேருக்கு நான்கு பாய் போதும். ஒரு பாய் ஆறுவதற்குள் அடுத்தவன் வந்து படுத்துவிடுவான். அவர்களுக்கும் ஒரு தங்கமீன் இருந்தது. ஒருநாள் இரண்டு பேர் பாட்டிலில் அதை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

“யக்கா, இது திங்க மாட்டேங்கு. கோவிச்சுக்கிட்டு மூலையில கெடக்கு.”

“நீ பாத்தியா?”

“நா மத்தியான ஷிஃப்டுக்கா. போறதுக்கு முன்னால போட்டேன். திங்கல.”

“உனுக்கு முன்னாடி யார்னா போட்டாங்களா?”

“எவன் போடுவான்? எல்லாம் சோம்பேறிப் பயலுவ.”

அக்கா இன்னொருவன் பக்கம் திரும்பினார். அவன் இரவு ஷிஃப்டு. காலையில் அறைக்கு வந்ததும், பாவம் யாரும் போட்டிருக்க மாட்டார்கள் என்று ஒரு பிடி போடுவானாம். மற்றவன் அவனை முறைத்தான். “லேய், நீ போடுவியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியால?”

“எட்டு பேரையும் வரச் சொல்லு” என்றார் அக்கா.

மூன்று ஷிஃப்டு ஆட்களும் ஒன்றாகக் கூடும் நேரமே கிடையாது என்பதால், விசாரணை இரண்டு நாள் நடந்தது. எட்டுப் பேரும் தனித்தனியே வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனார்கள். எட்டுப் பேருமே போட்டிருந்தார்கள். ஒவ்வொருவனுக்கும் மற்ற ஏழு பேர் மேலும் நம்பிக்கை இல்லை.

“ரெண்டு நாளு பட்டினி போடு. அப்பறம் வேக வெச்ச பட்டாணி ஒன்னே ஒன்னு, தோல உரிச்சிட்டு நசுக்கிப் போடு. அதுக்கப்பறம் ஒரு ஷிஃப்டுதான். உங்க மீனுக்கு ஓ.டி. கெடையாது” என்று தீர்ப்பு வந்தது.

தொட்டிக்கு மேலே பையன்கள் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். தீனி போட்டவன் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஆலையில் உற்பத்தி லைனில் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டவன் போடுவதுபோலவே. அந்த அட்டையை நானே போய்ப் பார்த்தேன். ‘சூப்பர்வைசர்’ என்று இருந்த கட்டத்தில் ஒருவன் மீன் படம் வரைந்து வைத்திருந்தான்.

என் தொழிலில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அதை அக்கா அதிகம் மதிக்கவில்லை. ஏரிக்கரைப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நானும் எழுதினேன். கடைசி வரி, எல்லோரும் எழுதுவதுதான்: ‘இதனால் அப்பகுதி மக்கள் அச்சத்தில் உள்ளனர்.’

மறுநாள் செய்தித்தாளை மடித்துத் தொட்டி மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“பேப்பரு, இங்க வா. அச்சத்துல கீறாங்கன்னு போட்டுகீறியே, யாரு?”

“பொதுவா மக்கள் அக்கா.”

“நான் மக்கதான? நான் இங்கியேதான் கீறேன். என்னெ யாரும் கேக்கலயே. டீக்கடக்காரரே, உன்ன யார்னா கேட்டாங்களா, பயமா கீதான்னு?”

டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே இல்லை என்று தலையாட்டினார். இரண்டு நாள் கழித்து அந்தச் சிறுத்தை ஒரு ஆலைக் காவலர் வளர்த்த செவலை நாய் என்று தெரிந்தது. அதன் பிறகு ‘அச்சத்தில் உள்ளனர்’ என்ற வரியை நான் எழுதும்போதெல்லாம் யார் என்று ஒரு குரல் கேட்கும். பாதி நாள் அந்த வரியை அடித்துவிடுவேன். செய்தி சின்னதாகிவிடுகிறது என்று அலுவலகத்தில் குறைப்பட்டார்கள்.

இந்தக் குணத்தில் எனக்கு உறுத்திய இடமும் ஒன்று உண்டு. அவருடைய கணவர் லாரி ஓட்டப் போனவர், பல வருடங்களாக வரவில்லை. ஓசூரில் இன்னொரு குடும்பத்தோடு இருப்பதாக ஊரில் எல்லோரும் சொன்னார்கள். டீக்கடைக்காரர் என் காதிலும் போட்டார். அக்காவிடம் யாராவது அதை எடுத்தால் ஒரே பதில்தான்: “நான் பாக்கல.” ஓசூர் வழியாகப் போகும் பெங்களூர் பேருந்துகள் பக்கத்திலிருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் நின்று போகின்றன. ஒரு மீன் ஏன் மூலையில் ஒதுங்குகிறது என்று பார்க்க தண்டலம் வரை போய் வருகிறவர் அவர். ஒருநாள் கேட்டுவிட்டேன்: “ஒருமுறை போய்ப் பார்த்துட்டு வந்துடலாமே அக்கா?”

அவர் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தார். “பாக்கணும்னு இருந்தா போமாட்டனா?” என்றார். அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார்.

கன்னியம்மா விவகாரம் அதற்கு அடுத்த வருடம் நடந்தது.

கன்னியம்மாவுக்கு முப்பது வயது. அங்கே ஒரு பெரிய உதிரிபாக ஆலையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணி. காலை ஏழு முதல் மூன்றரை வரை ஷிஃப்டு. கம்பெனி பேருந்து ஊர் முனையிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். கொத்து வேலையில் விழுந்து கால் உடைந்த கணவருக்கு அவள் பெயரிலிருந்த இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டு அட்டையில்தான் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. வேலை போனால் அட்டை போகும். இரண்டாவது அறுவை சிகிச்சை பாக்கி இருந்தது.

அந்த ஆலையின் வரவேற்பறையில் ஆறடித் தொட்டி ஒன்று உண்டு. வாஸ்துப்படி எட்டுத் தங்க நிற மீன்கள், ஒரு கறுப்பு மீன். காலை ஏழு மணிக்குத் தீனி போடுவது கன்னியம்மாவின் வேலை. மீன்கள் சாப்பிடவில்லை. தண்ணீர் கலங்கிக்கொண்டே போயிற்று. திங்கட்கிழமை வெளிநாட்டிலிருந்து விருந்தினர்கள் வருவதாக இருந்தது. அட்மின் ஆபீசர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: இந்தப் பெண் பினாயில் கையோடு தொட்டியில் கைவைக்கிறாள். திங்கட்கிழமைக்குள் மீன் சாப்பிடாவிட்டால் ஆளை மாற்றிவிடுவேன் என்று அவளிடமே சொல்லிவிட்டார்.

புதன்கிழமை மாலை பேருந்திலிருந்து கூட்டுச்சாலையில் இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“நீ பாத்தியா, சாப்புடலன்னு?” என்றார் அக்கா.

“பாத்தேன்க்கா. நின்னு பாத்தேன். ஏழு மணிக்குப் போடறேன், ஒன்னுகூட திரும்பிப் பாக்கல. ஒம்போது மணிக்கு நானே வலையில அள்ளிக் கொட்றேன்.”

“அழுவாம சொல்லு. ஏழு மணியப் பாத்தே. ஒம்போது மணியப் பாத்தே. சாயங்காலத்த யாரு பாத்தாங்க?”

“சாயங்காலம் நான் ஏது? மூணரைக்கு பஸ்ஸு எட்த்துருவான்.”

“பின்னாடி நூலு மாதிரி தொங்குதா மீனுக்கு?”

கன்னியம்மா யோசித்தாள். “தொங்குதுக்கா. நீட்டமா. தடியா.”

“சாப்புடாத மீனு இவ்ளோ போவுமாடி? உங்க ஆபீசரு கிட்ட சொல்லு, மீனு பாக்கற பொம்பள ஒன்னு கீது, ஒரு நாளு வந்து குந்திப் பாக்கும்னு.”

தொட்டி வைத்த சென்னைக்காரர்கள் தொலைபேசியை எடுக்காததால் அட்மின் ஆபீசர் ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அக்கா போனார். அதே நாள், அதே வரவேற்பறையில் நானும் இருந்தேன். ஆலையின் தலைவரான பிளான்ட் ஹெட்டிடம் புதிய பிரிவு பற்றிப் பேட்டி கேட்டுக் காலை பத்து மணியிலிருந்து காத்திருந்தேன். அந்த மனிதரைப் பற்றி ஆலைக்குள் ஒரே பேச்சுதான்: சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் லைனில் நடந்து வந்தால் இயந்திரங்கள்கூட மெதுவாக ஓடும் என்பார்கள். குடும்பம் கோயம்புத்தூரில், இங்கே கெஸ்ட் ஹவுஸில் தனியாகத் தங்கியிருந்தார்.

அக்கா கழுத்தில் பார்வையாளர் அட்டையோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சோபா வேண்டாம் என்றுவிட்டார். அதில் உட்கார்ந்தால் மீன்களின் வயிறு தெரியவில்லையாம். என்னைத் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ளவில்லை. எழுந்து போன ஒரே தடவை, ஓ.டி. கேட்டு வாங்கித் தங்கியிருந்த கன்னியம்மாவைத் தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனார். மாலையில் நாற்காலியை இழுத்துத் தூணுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்.

வரவேற்பாளர் ஐந்தரைக்குக் கிளம்பினார். காவலர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, முதுகைக் காட்டி நின்றிருந்தார். ஐந்து நாற்பதுக்கு மாடிப்படியில் பிளான்ட் ஹெட் இறங்கி வந்தார். கையில் ஒரு டீ சாஸர், அதில் நான்கு கிரீம் பிஸ்கட். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். பார்வையாளர் அட்டை மாட்டியவர்கள் அவர் கண்ணுக்கு மேசை நாற்காலி மாதிரிதான். அவர் நேராகத் தொட்டிக்குப் போனார். படியில் காலடிச் சத்தம் கேட்டபோதே ஒன்பது மீன்களும் அந்தப் பக்கக் கண்ணாடிக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றன.

பிஸ்கட்டை நொறுக்கி நொறுக்கிப் போட்டார். தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது. “மெல்ல, மெல்ல. இருக்கு, எல்லாருக்கும் இருக்கு” என்றார். பிறகு கறுப்பு மீனிடம் குனிந்து, “இன்னைக்கு லைன் ரெண்டு தடவை நின்னுபோச்சுடா” என்றார்.

கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு அவர் வாசலுக்குத் திரும்பியபோது அட்மின் ஆபீசர் கன்னியம்மாவோடு உள்ளே வந்தார். அக்கா தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்தார். பிளான்ட் ஹெட் அப்போதுதான் அவரைப் பார்த்தார்.

“என்னம்மா, நாள் முழுக்க உட்கார்ந்தாச்சு. என்ன தெரிஞ்சுது?” என்று கேட்டார் ஆபீசர்.

“மீனு சாப்புடுது சார்.”

“சாப்பிடுதா? காலையில போட்டது அப்படியே மிதக்குதேம்மா.”

“வயிறு ரொம்பினது காலைல எப்பிடி சாப்புடும்? தீனி வேற கையிலருந்து வருது. இந்தப் பொண்ணு போடறது அளவாத்தான் போடுது. தண்ணி கலங்கறதும் அதனாலதான்.”

“யார் போடறாங்க? பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“யாரு?”

“நான் வெளியாளு சார். மீனப் பத்திக் கேளு, சொல்றேன். உங்க ஆளுங்களப் பத்தி உங்க ஆளுங்கதான் சொல்லணும்.”

பிளான்ட் ஹெட் தன் கார் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

“இந்தம்மாவைக் காப்பாத்த நீங்க கதை விடறீங்க” என்றார் ஆபீசர். “திங்கட்கிழமை வேற ஆள் வரும்.”

ஷேர் ஆட்டோவில் நான் அக்காவோடு சண்டை போட்டேன். “கண்ணால பார்த்ததைச் சொல்றதுக்கு என்ன அக்கா? அவ வேலை போகுது!”

“நான் சொன்னா இன்னா ஆவும்? அவ்ளோ பெரிய மனுசன, அவரு ஆளுங்க முன்னாடி, ஒரு மீனுக்காரி மாட்டி விட்டான்னு ஆவும். அந்தக் கோவம் யார் மேல போவும்? என்னெக் கூட்டியாந்தவ மேலதான. நான் சொன்னா மீனுக்கு வைத்தியம் பேப்பரு. அவரு சொன்னாத்தான் அவளுக்கு வைத்தியம்.”

“அவர் சொல்லலேன்னா?”

கூட்டுச்சாலை வரும்வரை அக்கா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவருடைய வேலையை வைத்துச் சூதாடுகிறார் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இப்போதும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமையும் கன்னியம்மாவுக்கு வேலை இருந்தது. மாலையில் பேருந்தைவிட்டு இறங்கி ஓடி வந்தாள். “அக்கா, நூலு இல்லக்கா. ஒன்னுத்துக்கும் இல்ல.”

அக்கா நிம்மதியாக மூச்சு விட்டார். “மனுசன் பிஸ்கட்ட நிறுத்திட்டாரு” என்றார் என்னிடம் மட்டும். அவளிடம், “நாளைக்கி சாப்புடும், போ” என்றார்.

திங்கட்கிழமை விருந்தினர் வருகைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். எட்டரைக்குப் போனேன். வரவேற்பறையில் புது நீலச் சீருடையில் இன்னொரு பெண் நின்றிருந்தாள். கன்னியம்மா கையில் தீனி டப்பாவோடு ஆபீசரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

“சாப்புட்டுச்சு சார். ஏழு மணிக்குப் போட்டேன். ஒரு பருக்க விடல சார்.”

“நீ சொல்றே. யார் பாத்தா?” என்றார் ஆபீசர்.

ஏழு மணிக்கு அங்கே அவளையும் மீன்களையும் தவிர யாரும் இல்லை.

அப்போது கார்கள் வந்தன. பிளான்ட் ஹெட் முன்னால் வர, விருந்தினர்கள் ஐந்தாறு பேர் பின்னால் வந்தார்கள். சந்தனம், குங்குமம், பூங்கொத்து எல்லாம் முறைப்படி நடந்தன. பிளான்ட் ஹெட் தொட்டியைக் கடந்தபோது ஒன்பது மீன்களும் திரும்பின. அவர் இடப்பக்கம் நடந்தால் இடப்பக்கம், வலப்பக்கம் நடந்தால் வலப்பக்கம் என்று கண்ணாடியோடு ஒட்டி அவர் கூடவே நீந்தின. இரண்டு நாளாகப் பிஸ்கட் பார்க்காத மீன்கள். விருந்தினர்களில் வயதான ஒருவர் கைதட்டிச் சிரித்தார். ஆபீசர் மீன்களைப் பார்த்தார், பிளான்ட் ஹெட்டைப் பார்த்தார். ஆபீசரின் முகம் வெளிறியது.

பிளான்ட் ஹெட் நின்றுவிட்டார். கன்னியம்மாவின் கையிலிருந்த டப்பாவையும், அந்தப் புதுப் பெண்ணின் சீருடையையும் பார்த்தார்.

“இது யாரு?” என்றார்.

“புது ஆள் சார். இவங்களுக்குப் பதிலா…”

“வேண்டாம். ரெண்டு மாசமா சாயங்காலம் பிஸ்கட் போட்டது நான்தான். அன்னைக்கே சொல்லியிருக்கணும்.” எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னார். பிறகு கன்னியம்மாவிடம், “இவங்களுக்குக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்கம்மா” என்றார்.

கன்னியம்மா நுனிவிரலில் எடுத்துப் போட்டாள். ஒரு மீனும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. “சார், நீங்க இந்தாண்ட வந்து நில்லுங்க” என்றாள். அந்த ஆலையில் அவரை அங்கே நில், இங்கே நில் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வந்து அவளுக்குப் பக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மீன்கள் சாப்பிட்டன. புதுப் பெண்ணை மாடிக்கு வேலைக்கு அனுப்பினார்கள்.

கன்னியம்மாவின் கணவருக்கு அடுத்த மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் அதற்கு முன், அதே வாரம், சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கார் அக்காவின் கடை முன்னால் வந்து நின்றது. பிளான்ட் ஹெட் தனியாக இறங்கினார். டீக்கடையில் இருந்த நான்கைந்து பையன்கள் டம்ளரோடு எழுந்து நின்றார்கள்.

“ஒரு கறுப்பு மீன் வேணும். சின்னத் தொட்டியோட. கெஸ்ட் ஹவுஸ்ல வைக்க” என்றார்.

“வாணாம் சார்” என்றார் அக்கா.

“ஏன்?”

“நீங்க நாளு பூரா போட்டுகினே இருப்பீங்க. அது செத்துரும்.”

அவர் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “அங்கேயும் போடக்கூடாது, இங்கேயும் வேண்டாம்ங்கறீங்க. அப்போ நான் சாயங்காலத்துல என்னதாம்மா பண்றது?” என்றார். வேடிக்கையாகக் கேட்டதாகத்தான் இருக்க வேண்டும். குரல் அப்படி இல்லை.

அக்கா முக்காலியைத் துண்டால் துடைத்து அவர் பக்கம் தள்ளினார்.

“குந்துங்க சார். காலைலருந்து இந்த வயித்துல ஒன்னும் போவல. எனுக்கு ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் வாங்கிக் குடுங்க. நான் துப்ப மாட்டேன்.”

அந்த மனிதர் சிரித்ததை அன்றைக்கு டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.